கடைசிக் கோடு பிரியவில்லை

அந்த மனுசியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். மரியாதை, பாசம் எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நின்று வரும். ஆள் இல்லாத இடத்தில் இப்படிச் சொல்வது சரியில்லை என்பார்கள். ஆள் இருந்த காலத்திலும் நான் இதை முகத்துக்கு நேரே சொன்னவன்தான். "நானா, கோபப்பட்டு முடிஞ்சுதெண்டா அந்த லைற்றைக் கொஞ்சம் போடுங்கோ" என்பார்.

நான் அவரை மிஸ் என்றேன், அவர் என்னை நானா என்றார். எங்கள் முஸ்லிம் ஆட்களில் நானா என்றால் அண்ணன். வயதில் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒன்று. அவர் திருகோணமலை நகரத்து ஆள், கொழும்பில் பௌதிகம் படித்துப் பட்டம் பெற்றவர். நான் கிண்ணியாக்காரன். காலையில் பாதையில் ஏறிக் கடலைக் கடந்து, பிறகு பஸ் பிடித்து வேலைக்கு வருவேன். எங்கள் ஊரில் பாதை என்றால் ரோட்டல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை.

வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போகும்போது தூக்கிக்கொண்டு போகாத சாமான்களில் எங்கள் பரிசோதனைக்கூடமும் ஒன்று. இரண்டு அறை, ஓர் இருட்டறை, உலோகங்களைப் பார்க்கிற எக்ஸ்ரே இயந்திரம் ஒன்று. படகுக்கும் பாதைக்கும் பாரந்தூக்கிக்கும் வார்க்கிற சாமான் நல்லதா கெட்டதா என்று சோதித்துச் சொல்வது கூடத்தின் வேலை. அதற்குப் பொறுப்பு மிஸ். இயந்திரத்தை ஓட்டுவதும் படம் கழுவுவதும் நான். கந்தோர் வேலை ஓய்ந்த நேரத்தில் மிஸ் தன்னுடைய ஆராய்ச்சியைச் செய்வார். அதற்கு மேலிடத்து அனுமதி இருந்தது.

அது என்ன ஆராய்ச்சி என்று பெரிய கிளாக்கர் ஒருநாள் தேத்தண்ணி நேரம் கேட்டுவிட்டார். மிஸ் அவருடைய கோப்பையையே இழுத்துத் தனக்கு முன்னால் வைத்தார்.

"இதுக்குள்ள சீனி போடப் போடக் கரையும். ஒரு அளவுக்கு மேல கரையாது, அடியில தங்கும். ஆறினா இன்னும் கொஞ்சம் அடியில வரும். அதேமாதிரித்தான், வெள்ளீயம் செம்புக்குள்ள கரையும். வெண்கலம் எண்டு சொல்லுறது அதைத்தான். இறுகிக் கட்டியான பிறகும் அது உள்ள கரைஞ்சபடி இருக்கும். எந்தச் சூட்டில எவ்வளவு கரைஞ்சிருக்கும் எண்டதுதான் என்ர கேள்வி."

"தேத்தண்ணியெண்டா அடியைப் பார்க்கலாம். செம்புக்குள்ள எப்பிடிப் பிள்ளை பார்ப்பீங்கள்?"

"அதுக்குத்தான் எக்ஸ்ரே. செம்பு அணுக்கள் வரிசையாய் இருக்கு. வெள்ளீய அணு பெரிசு. பஸ் சீற்றில ஒரு தடிச்ச ஆள் வந்து இருந்தா மற்ற ஆக்கள் எல்லாம் தள்ளி இருக்கோணுமெல்லோ? அப்பிடி இடைவெளி கூடினா, எக்ஸ்ரே படத்தில கோடு இடம் மாறும். வெள்ளீயத்தை இன்னும் கூட்டியும் கோடு அசையேல்லையெண்டா, உள்ளுக்கு இனி இடமில்லை எண்டு அர்த்தம். அதுதான் எல்லை."

கிளாக்கர் கோப்பையைத் திரும்ப எடுத்துக் குடித்துப் பார்த்து, "ஆறிப்போச்சு" என்றார். ஆனால் அன்றைக்குப் பிறகு மிஸ்ஸின் ஆராய்ச்சியை யாரும் நக்கலடித்தால் அவர்தான் முதலில் சண்டைக்குப் போவார்.

வெண்கலக் கட்டியை அரத்தால் ராவுவது மிஸ்ஸின் கை வேலை. அதை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார். ராவிய தூளுக்குமேல் காந்தத்தைப் பிடித்து, அரத்திலிருந்து விழுந்த இரும்பை எடுப்பார். பிறகு அரிப்பார். கண்ணாடிக் குழலுக்குள் போட்டுக் காற்றை உறிஞ்சி வாயை உருக்கி மூடி, மின் அடுப்பில் வைப்பார். வேண்டிய சூட்டில் வேண்டிய காலம் கிடந்த பிறகு, எடுத்த எடுப்பில் தண்ணீருக்குள் போட்டுக் குளிர்த்துவார். ஆற விட்டால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். குளிர்ந்த தூளில் துளி எடுத்து மயிரளவு கண்ணாடி ஊசியில் ஒட்டி, தகர மீன் ரின் அளவான ஒரு வட்டக் கமராவுக்குள் நிறுத்தி எக்ஸ்ரே பாய்ச்சுவோம். உள்ளே சுற்றிவர இருக்கும் பிலிமில் வளைவு வளைவாகக் கோடுகள் விழும்.

அந்தப் பிலிமைக் கழுவுவதுதான் என் பாடு. திருகோணமலைக் குழாய்த் தண்ணீர் மத்தியானத்தில் கஞ்சி. அந்தச் சூட்டில் பிலிமின் மேல்பூச்சு இளகி நழுவிவிடும். ஆகவே மீன் முதலாளியிடம் ஐஸ் வாங்கி, மருந்துத் தட்டைச் சுற்றி அடுக்குவேன். எங்கள் படங்கள் எல்லாவற்றிலும் கீரிமீன் வாடை. இருட்டறை வாசலில் ஒரு பூனை நிரந்தரமாகக் குடியிருந்தது.

படம் நல்லதா இல்லையா என்று பார்க்க மிஸ்ஸிடம் ஒரு சோதனை இருந்தது. ஓரத்தில் விழும் கடைசிக் கோடு இரண்டு மெல்லிய கோடுகளாகப் பிரிந்து தெரியவேண்டும். தூளின் ஒவ்வொரு மணியிலும் வெள்ளீயம் ஒரே அளவில் இருந்தால்தான் அது பிரியும். ஒன்றில் கூட, ஒன்றில் குறைய என்றிருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு மங்கல் திட்டாகிவிடும். நான் ஈரப் படத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் மிஸ்ஸின் முதல் கேள்வி, "பிரிஞ்சுதா?" என்பதுதான். பிரியாவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து.

இந்தத் 'திரும்பவும் முதலிலிருந்து' என்பதற்கு ஊரே பயந்தது. ஒருமுறை கிண்ணியாப் பாதைக்கு வார்த்த பித்தளை வளையம் ஒன்று சோதனைக்கு வந்தது. பாதை அதற்காகக் கரையில் கிடந்தது. முதல் சோதனையில் ஒரு சந்தேகம் என்று மிஸ் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். இன்னொரு துண்டு வெட்டிப் பார்க்கவேண்டுமாம். சனம் தோணியில் தொங்கிக்கொண்டு கடந்தது. நெல்லு மூட்டைகள் கரையில் நனைந்தன. என் மச்சான் நடுத்தெருவில் நிறுத்தி, "ஒங்கட மிஸ்ஸுக்கு ஒரு கையெழுத்துப் போட ஏலாதா? மையில்லியா?" என்று மானத்தை வாங்கினான். கடைசியில் வளையம் நல்ல வளையம்தான். சந்தேகம்தான் பிழை. நான் பொரிந்து தள்ளினேன்.

"நல்லது எண்டு முதல்லயே தெரிஞ்சிருந்தா நானும் முதல்லயே குடுத்திருப்பன், நானா" என்றார். அவ்வளவுதான். ஒரு மன்னிப்பு இல்லை, ஒரு வருத்தம் இல்லை. மறுநாள் பாதையில் சனம் என்னைப் பார்த்த பார்வையை அவர் பார்க்கவில்லையே.

ஊரில் இன்னொரு கதையும் உலாவியது. மிஸ்ஸுக்குக் கலியாணம் பேசி வந்த இடத்தில், சாத்திரியார் பொருத்தம் பார்த்து நல்ல பொருத்தம் என்று சொல்லிவிட்டாராம். மிஸ் பஞ்சாங்கத்தை வாங்கித் தானும் கணக்குப் பார்த்து, "ஐயா, நட்சத்திரத்தை ஒண்டு தள்ளி எண்ணிப்போட்டியள், இது பொருந்தாது" என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னாலேயே சொல்லிவிட்டாராம். சாத்திரத்தை நம்பாத மனுசி, எண்ணினது பிழை என்பதற்காக வாய் திறந்தது. உண்மையோ பொய்யோ, நான் நம்புகிறேன்.

இனிப் பெரிய விசயத்துக்கு வருகிறேன். கொழும்பில், பல்கலைக்கழகத்தில், ஒரு விரிவுரையாளர் பதவி காலியாகியிருந்தது. மிஸ் ஆராய்ச்சிக் கட்டுரையை அந்தத் தவணை முடிவுக்குள் ஒப்படைத்தால் இடம் அவருக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். அந்த இடத்தை அவர் எவ்வளவு விரும்பினார் என்பது எனக்குத் தெரியும். "அங்க நூலகம் இருக்கு நானா. கேட்டா பதில் சொல்லுற ஆக்கள் இருக்கினம்" என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னார். எங்கள் கூடத்தில் அவர் கேள்விக்குப் பதில் சொல்ல நானும் பூனையும்தான்.

எல்லாச் சூட்டுக்கும் எல்லையை அளந்தாயிற்று. எல்லாவற்றிலும் குறைந்த சூடு ஒன்றுதான் பாக்கி. சூடு குறையக் குறைய வெள்ளீயம் செம்பிலிருந்து வெளியே வருவது ஆமை வேகம். மாதக்கணக்கில் அடுப்பில் கிடக்கவேண்டும். முன்னர் இதை அளந்தவர்கள் அவசரப்பட்டுத் தூளை எடுத்துவிட்டார்கள், ஆகவே அவர்களுடைய எல்லை கூடிப்போயிற்று என்பது மிஸ்ஸின் கட்சி. அப்படியென்றால் சரியான எல்லை எது? ஏற்கெனவே அளந்த புள்ளிகள் வரைதாளில் ஒரு நேர்கோட்டில் விழுந்தன. அந்தக் கோட்டைக் கீழே நீட்டி, கடைசிப் புள்ளி இங்கேதான் விழும் என்று கட்டுரையின் நாலாம் அத்தியாயத்தில் எழுதி வைத்திருந்தார். புள்ளி வந்து விழவேண்டியதுதான் மிச்சம்.

அடுப்பு அணையக்கூடாது. ஆனால் லீவு நாளில் மெயின் சுவிச்சை அணைத்துவிட்டுப் போகவேண்டும் என்பது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். மிஸ் மேலதிகாரியிடம் அனுமதி எடுத்து, ஒரு பலகையில் 'ஞாயிற்றுக்கிழமை மெயின் அணைக்க வேண்டாம்' என்று தன் கையாலேயே எழுதிச் சுவிச்சில் தொங்கவிட்டார். எங்கள் வாச்சர் கப்பல்துறைக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வருகிற கிழவர். சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்கிறவர்.

தூளை அடுப்பில் வைத்துக் கொஞ்ச நாளில் அரசாங்கம் ஞாயிறு லீவை எடுத்துவிட்டுப் போயாவுக்கு லீவு என்று மாற்றியது. போயா பௌத்தர்களின் புனித நாள், சந்திரனைப் பார்த்துக் கிழமைக்கு ஒன்று வரும். ஒரு கிழமை செவ்வாய், மறு கிழமை புதன். பள்ளிவாசலுக்குப் போகிற எங்களுக்கு வெள்ளி வெள்ளிதான், அதில் மாற்றமில்லை. கந்தோரில் எல்லோரும் கலண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

மாதங்கள் போய்த் தூளை எடுத்தோம். படம் பிடித்தோம். கோடுகளை அளந்து மிஸ் கணக்குப் போட்டார். புள்ளி அவர் சொன்ன இடத்திலேயே போய் இருந்தது. நான் துள்ளினேன். மேலதிகாரி கடைக்கு ஆளனுப்பி எல்லோருக்கும் சுடச்சுடப் பொரித்த பற்றிஸ் வாங்கித் தந்தார். கிளாக்கர் 'விரிவுரையாளர் அம்மா' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

மிஸ் மட்டும் பற்றிஸைக் கையில் வைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியால் படத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"நானா, கடைசிக் கோடு பிரியேல்ல."

"கிட்டத்தட்டப் பிரிஞ்சமாதிரித்தான் மிஸ் இரிக்கி."

"கிட்டத்தட்ட எண்டா பிரியேல்ல."

என்னை இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். அதுவும் திட்டுத்தான். கமராவைத் துண்டு துண்டாகக் கழற்றித் திரும்பப் பூட்டினோம், தூளைத் திரும்ப அரித்தோம். பிறகு அடுப்பில் சந்தேகம். நாங்கள் எப்போது பார்த்தாலும் சூடு சரியாகவே இருந்தது. அப்படியென்றால் நாங்கள் பார்க்காத நேரத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க, போயா அன்றைக்கு மிஸ் கோவிலுக்குப் போகிற சேலையோடு கூடத்துக்கு வந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். கதவைத் திறந்து அடுப்பில் கை வைத்தார். குளிர்ந்து கிடந்தது.

வாச்சர் ஐயா வாசலில் நின்றார். மிஸ் பலகையைக் காட்டினார்.

"ஞாயிறு அணைக்க வேண்டாம் எண்டு போட்டிருக்குப் பிள்ளை. ஒரு ஞாயிறும் நான் தொடேல்ல. சத்தியமாய்."

"போயாவுக்கு?"

"போயா லீவு நாளெல்லோ. லீவு நாளில அணைக்கோணும், அது சட்டம். அடுத்த நாள் விடிய, நீங்கள் வரமுதல் வந்து போட்டுவிடுறனான்."

கிழவர் பெருமையோடுதான் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். மிஸ் கையைக் காட்டி நிறுத்தினார். "பலகை எழுதினது நான்தானே நானா. லீவு நாள் எண்டு எழுதியிருக்கோணும். ஐயா செய்தது சரி" என்றார். பிறகு அந்தப் பலகையைக் கழற்றி, 'ஒரு நாளும் அணைக்க வேண்டாம்' என்று புதிதாக எழுதி மாட்டினார்.

மாதக்கணக்காக அடுப்பு கிழமைக்கு ஒருமுறை ஆறி ஆறிச் சூடேறியிருக்கிறது. வெளியே வரவேண்டிய வெள்ளீயம் முழுவதும் வந்து முடியவில்லை. ஆனாலும் புள்ளி கோட்டில்தானே விழுந்தது? மேலதிகாரி அதைத்தான் கேட்டார்.

"கோடு கொஞ்சம் மங்கல். அவ்வளவுதானே. உங்கட கணக்கோட பொருந்துது. ஆர் பிள்ளை பூதக்கண்ணாடி வைச்சுப் பார்க்கப்போறது?"

"நான் பார்த்திட்டன், சேர்."

"திரும்ப வைச்சா தவணை முடிஞ்சிடும். இடம் போயிடும்."

"இண்டைக்கே வைச்சா முடியிறதுக்குள்ள எடுக்கலாம், சேர். மட்டுமட்டாய்த்தான்."

அன்றே புதுத் தூள் ராவினார். அரம் போகிற சத்தம் பின்னேரம்வரை கேட்டது. நான் உதவிக்குப் போகவில்லை. கோபம். பொருந்தாமல் போனதைத் தூக்கி எறிந்தால் அது நியாயம். பொருந்தி வந்ததைத் தூக்கி எறிகிறவரை என்ன சொல்வது? போகிற நேரம் எட்டிப் பார்த்தேன். விரலில் சீலை சுற்றியிருந்தார். காந்தத்தை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

பட்ட காலிலே படும் என்பது சரிதான். தூள் அடுப்பில் கிடக்கும்போதே எக்ஸ்ரே இயந்திரத்தைக் கொழும்புக்கு அனுப்பச் சொல்லிக் கட்டளை வந்தது. லொறி வந்து பெட்டி கட்டி ஏற்றிக்கொண்டு போயிற்று. அறை நடுவில் நான்கு கால் அடையாளம் மட்டும் மிச்சம். என்னை ஸ்ரோருக்கு மாற்றினார்கள். மிஸ் ஒவ்வொரு நாளும் அடுப்பைப் பார்த்துவிட்டுப் போனார். படம் பிடிக்க இயந்திரம் இல்லாமல் தூளை எதற்கு வேக வைக்கிறார் என்று சனம் சிரித்தது.

தவணை முடியக் கிட்டும்போது, ஒருநாள் மிஸ் பாதையில் ஏறிக் கிண்ணியாவுக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். என் பெண்சாதி ஓடிப்போய்க் கதிரையைத் துடைத்து, "இரிங்க மிஸ், தேத்தண்ணி குடிங்க" என்றாள். மிஸ் இருந்த கையோடு விசயத்தைச் சொன்னார். தூளை எடுத்துக் குளிர்த்தியாயிற்று. கொழும்பில் விசாரித்தாராம். இயந்திரம் அங்கே ஒரு களஞ்சியத்தில் பெட்டி பிரிக்காமலே கிடக்கிறது. அதைப் பொருத்திப் பூட்டத் தெரிந்த ஆள் அங்கே இல்லை. பூட்டித் தந்தால் ஒரு படம் பிடிக்க விடுவார்களாம்.

"நீங்கள் லீவு போட்டு வருவியளா, நானா?"

நான் முகட்டைப் பார்த்தேன். பெண்சாதி குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். "அந்தப் பிள்ள இவ்வளவு தூரம் வந்து கேக்குது. போய்ப் பூட்டிக் குடுத்திட்டு வாங்களன்" என்றாள். அவளுக்குச் செம்பும் தெரியாது, ஈயமும் தெரியாது. கடலைக் கடந்து கேட்க வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பது தெரியும்.

ரயிலில் தூளை மிஸ் மடியிலேயே வைத்திருந்தார். களஞ்சியத்தில் பெட்டியைப் பிரித்து, தண்ணீர்க் குழாய் இழுத்து, இயந்திரத்தை நிமிர்த்தி ஓட வைத்தேன். என் கை வேலைகளில் நான் பெருமைப்படுவது அது ஒன்றுக்குத்தான். படம் பிடித்துக் கழுவி, பிலிம் காய்ந்ததும் வெளிச்சக் கண்ணாடியில் வைத்தோம்.

கடைசிக் கோடு பிரிந்திருந்தது. மயிரிழையாக இரண்டு கோடு, நடுவில் சுத்தமான இடைவெளி. அப்படி ஒரு படம் நான் அதற்கு முன்னும் பின்னும் கழுவியதில்லை.

"நீங்கள் வாசியுங்கோ நானா, நான் எழுதுறன்" என்றார். "என்ர கண்ணுக்கு ஆசை இருக்கு. அது கோட்டைத் தள்ளிப் பார்க்கும்."

அவர் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெட்டிப் பலகையில் தாளை வைத்து உட்கார்ந்தார். நான் அளவுகோலை நகர்த்திப் பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்தேன். எந்த இலக்கம் வந்தால் நாலாம் அத்தியாயம் சரி என்பது எனக்கும் மனப்பாடம். கோடு அங்கே இல்லை. அந்த இலக்கத்தை விட்டு எட்டப் போய், சுத்தச் செம்பின் கோடு விழுகிற இடத்துக்குக் கிட்ட நின்றது. வெள்ளீயம் மிஸ் நினைத்ததைவிடவும் எவ்வளவோ கூடுதலாக வெளியே வந்திருந்தது. எல்லை நேர்கோட்டில் இறங்கவில்லை. கிணற்றுக்குள் விழுகிற மாதிரி விழுந்திருந்தது. முன்னே அளந்தவர்களும் பிழை, மிஸ்ஸும் பிழை.

நான் கண்ணை எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன்.

"என்ன நானா?"

"இன்னொருக்காப் பார்க்கட்டா மிஸ்?"

"முதல் வாசிச்சதைச் சொல்லுங்கோ."

சொன்னேன். பென்சில் நின்றது. அந்த இலக்கத்தைக் கேட்டவுடனேயே அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும். நாலாம் அத்தியாயம் முழுவதும் போயிற்று. திரும்ப எழுத மாதங்கள் வேண்டும், தவணைக்கு இருந்தது ஒரு கிழமைதான். அந்தப் பதவிக்கு வேறொருவர் போனார். மிஸ்ஸுக்கு ஆராய்ச்சிப் பட்டம் பிந்தித்தான் வந்தது, திருகோணமலையில் இருந்தபடியே, அந்தக் கிணற்றுக் கோட்டோடு. போன இடம் திரும்பக் கிடைக்கவே இல்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அதுதான்.

அன்றைக்கு அந்தக் களஞ்சியத்தில் அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இலக்கத்தை எழுதினார். எழுதியதை எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினார். சரி என்றேன்.

"அடுத்த கோடு" என்றார்.